ராத்திரி சூடு பார்க்க ஆள் இருக்கா?

வீரய்யாவுக்குச் சூடு தெரியும்.

மஸ்கெலியாவுக்கு மேலே ஒரு தோட்டத்தின் தேயிலைத் தொழிற்சாலையில், அங்கே அதை ஸ்டோர் என்பார்கள், தேயிலை காயவைக்கும் ட்ரையர் அருகே முப்பத்தெட்டு வருஷம் நின்ற மனிதர். ட்ரையரில் கண்ணாடி போட்ட வெப்பமானி ஒன்று இருந்தது. மேலதிகாரியான டீமேக்கர் வரும்போது மட்டும் வீரய்யா அதைப் பார்ப்பார். மற்ற நேரத்தில் புறங்கையை ட்ரையர் வாய்ப் பக்கம் ஒரு நொடி நீட்டுவார். "பத்து கூட," என்பார். அடுப்பில் விறகு தள்ளுகிற சிவசாமி முனகிக்கொண்டே இரண்டு கட்டைகளை வெளியே இழுப்பார். பிறகு மானியைப் பார்த்தால் பத்து கூடத்தான் இருந்திருக்கும்.

அவர் கையில் தேயிலை கருகியது ஒரே ஒரு நாள். மனைவி அம்மாக்கண்ணுக்கு வலி கண்டுவிட்டது என்று அவர்கள் குடியிருந்த வரிசை வீட்டு லயத்திலிருந்து ஆள் வந்தபோது, ட்ரையரை அப்படியே போட்டுவிட்டு ஓடினார். அன்றைக்குப் பிறந்தவள் ஹம்சினி. டீமேக்கர் கூப்பிட்டுத் திட்டியதையும் தான் தலையாட்டிக்கொண்டு நின்றதையும் கல்யாண வீடுகளில்கூடச் சொல்லிச் சிரிப்பார். "ஒரு தட்டு தூளு போச்சு, ஒரு புள்ள வந்துச்சு."

ஹம்சினி ஒன்பதாம் வகுப்பில் இருக்கும்போது அம்மாக்கண்ணு காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். அதற்குப் பிறகு மகளுக்குத் தலை பின்னிவிட்டதும், பள்ளிக்கூடத்துக் கூட்டத்தில் பெண்களோடு பெண்களாக உட்கார்ந்ததும் வீரய்யாதான். பின்னல் எப்போதும் இடப்பக்கம் சாய்ந்தே இருக்கும். அவள் ஹட்டனில் தங்கிப் படித்தாள். கொழும்பில் தொலைத்தொடர்பு டிப்ளோமா முடித்தாள். இப்போது ஹட்டன் வட்டாரத்து டவர்களைப் பராமரிக்கிற குழுவில் அவள்தான் மூத்த டெக்னீஷியன். எந்த மலையில் எந்த ஆண்டெனா எந்தப் பக்கம் பார்க்கிறது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள். கணவன் கோகுலராஜ் கணக்கு வாத்தியார்.

கல்யாணமாகி ஒன்பது வருஷமாகியும் குழந்தை இல்லை.

கொழும்பில் ஒருமுறை சோதனைக்குழாய் முறையில் செய்து பார்த்தார்கள். நிற்கவில்லை. யாரையும் குறை சொல்ல முடியாது. நிற்காமல் போவதும் உண்டு என்று முதல் நாளே சொல்லித்தான் செய்தார்கள். ஆனால் ஹம்சினியால் இரண்டாவது முறை அதே கட்டிடத்துக்குள், அதே நாற்காலிக்குப் போக முடியவில்லை. "வெளிநாட்டுல பாப்போம்," என்றாள். அன்றிரவே ஒரு அட்டவணையைத் தொடங்கினாள்.

சென்னை, கோயம்புத்தூர், பினாங்கு, பேங்கொக். நான்கு ஊர், நான்கு மருத்துவமனை. பதினொரு நிரல்கள். வயதுவாரியாக வெற்றி வீதம், கருவை எத்தனை நாள் வளர்க்கிறார்கள், ஆய்வகம் சொந்தமா, ஒரே மருத்துவர் கடைசி வரை பார்ப்பாரா, விசா, மொழி, எத்தனை நாள் தங்கவேண்டும். ஒவ்வொன்றுக்கும் புள்ளி. மூன்று மாதமாக ஞாயிற்றுக்கிழமைகள் அதிலேயே போயின.

ஞாயிற்றுக்கிழமை என்றால் வீரய்யா ஹட்டனுக்கு பஸ் ஏறி வருகிற நாள். மகள் வீட்டில் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு நாலு மணி பஸ்ஸுக்குத் திரும்புவார். அப்படி ஒரு ஞாயிறு அவள் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு திரையை உற்றுப் பார்த்தார்.

"இதுல எது நல்ல எடம் பாப்பா?"

"அதத்தாம்பா பாத்துக்கிட்டு இருக்கேன்."

"புள்ளய எதுல வச்சு வளப்பாங்க?"

"புள்ள இல்லப்பா, கரு. இன்குபேட்டர்னு ஒரு பெட்டி. அஞ்சு நாளு அதுக்குள்ள இருக்கும்."

"சூடு எவ்வளவு?"

"முப்பத்தேழு."

"கூடக் கொறைய?"

"ஆகக்கூடாது."

வீரய்யா நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்தார். பிறகு கேட்டார். "ராத்திரி சூடு பாக்க ஆள் இருக்கா?"

"மெஷினே பாத்துக்கும்பா."

"மெஷின் பாத்துக்கும்னுதான் எல்லாரும் சொல்றது. மானி பொய் சொல்ற அன்னைக்கு? கரண்டு போற அன்னைக்கு? ஆள் இருக்கணும். தூங்காத ஆளு."

சமையலறையிலிருந்து கோகுலராஜ் சிரித்தான். "மாமா, நீங்களே போய்க் காவலுக்கு நின்னுருங்களேன்."

"நிப்பேன் மாப்புள. பாஸ்போட்டு வாங்கிக் குடுங்க, இன்னைக்கே நிக்கிறேன்."

ஹம்சினி சிரிக்கவில்லை. டவர்களில் அலாரம் பொய் சொன்னதைப் பார்த்தவள் அவள். பன்னிரண்டாவது நிரலைச் சேர்த்தாள். நான்கு மருத்துவமனைகளுக்கும் அந்தக் கேள்வியை எழுதினாள்.

ஒன்று வண்ணப்படங்கள் நிறைந்த கையேட்டை அனுப்பியது. ஒன்று தானியங்கிப் பதில். இன்னொன்று, கவலைப்படாதீங்க மேடம், எல்லாம் நாங்க பார்த்துக்கொள்கிறோம் என்றது. சென்னையிலிருந்து ஆய்வகத்து ஆள் ஒருவரே நேரடியாக எழுதியிருந்தார். இரவில் ஒருவர் விழித்திருக்கிறார். பெட்டி காட்டும் எண்ணை நாங்கள் நம்புவதில்லை, தனி வெப்பமானி உள்ளே வைத்து நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை படிக்கிறோம். அலாரம் அடித்தால் மூன்று பேருக்குப் போன் போகும்.

அடுத்த ஞாயிறு அதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினாள். வீரய்யா தொடையில் தட்டினார்.

"இவன் வேலக்காரன். இங்க போ."

புள்ளிக் கணக்கில் பினாங்குதான் ஒன்றரைப் புள்ளி முன்னால் நின்றது. ஹம்சினி சென்னையைத் தேர்ந்தெடுத்தாள்.

அந்த அட்டவணையில் பன்னிரண்டு நிரல்கள் இருந்தன. தாங்கள் போயிருக்கும் மூன்று வாரமும் அப்பாவை யார் பார்த்துக்கொள்வது என்பதற்கு ஒரு நிரல் இல்லை. இது அவளுக்குப் பிறகுதான் தோன்றியது.

வீரய்யாவுக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, வந்து இரண்டு வருஷமாகியிருந்தது. அதற்கு முன் அவர் பால் கலக்காத சாயத்தண்ணி குடிக்கிற விதமே தனி. உள்ளங்கையில் ஒரு கரண்டி சீனியைக் கொட்டிக்கொள்வார். நாக்கால் கொஞ்சம் தொட்டு, ஒரு மிடறு. மறுபடி தொட்டு, ஒரு மிடறு. ஸ்டோரில் வேலை பார்த்த எல்லாருக்கும் இருந்த பழக்கம். ஹம்சினி அதை நிறுத்தினாள். வீட்டிலிருந்த சீனி டின்னை எடுத்துப் லயத்தில் பக்கத்துக் காம்பரா வீட்டில் இருக்கிற தனுஷிகாவிடம் கொடுத்துவிட்டாள். தனுஷிகா தோட்டத்து முன்பள்ளி டீச்சர்.

"இனிமே இந்த வீட்டுக்குள்ள சீனி வரக்கூடாது தனு. அப்பா கேட்டாலும் குடுக்காத."

"மாமா பாவங்கக்கா."

"பாவம் பாத்தா கால எடுக்கணும்."

அத்தோடு நிறுத்தவில்லை. மாத்திரைகளைப் போட்டு வைக்க, ஏழு நாளுக்கு ஏழு அறை உள்ள குளிசைப் பெட்டி வாங்கினாள். போனில் காலை ஆறரைக்கு மணி அடிக்க வைத்தாள். விரலில் குத்திச் சீனி பார்க்கிற மெஷின் ஒன்று வாங்கிப் பழக்கினாள். "எது நடந்தாலும் குளிசைய மட்டும் விடாதீங்கப்பா. நம்பர் கீழ வரணும். கீழ வந்தா நல்லது."

வீரய்யா அதை விளையாட்டாக எடுத்துக்கொண்டார். ஒவ்வொரு நாளும் காலையில் மெஷின் காட்டும் எண்ணைப் படம் பிடித்து அனுப்புவார். இருநூற்றுப் பத்து. நூற்றெண்பது. நூற்று நாற்பது. ஒவ்வொன்றுக்கும் ஹம்சினி கட்டைவிரல் படம் ஒன்று போடுவாள். அந்தக் கட்டைவிரல் வந்த பிறகுதான் அவர் சாயத்தண்ணி குடிப்பார் என்று தனுஷிகா சொல்லியிருக்கிறாள். லயத்தில் நாலு பேரிடம் போனைக் காட்டுவாராம். "பாத்தியா, எம்மக ஓகே சொல்லிட்டா."

டவர் பேட்டரிகளுக்கு எல்லை வைப்பது ஹம்சினியின் அன்றாட வேலை. மேல் எல்லை ஒன்று, கீழ் எல்லை ஒன்று. இரண்டில் எதைத் தாண்டினாலும் அலாரம். அப்பாவுக்கு அவள் மேல் எல்லையை மட்டும் சொல்லிக்கொடுத்தாள்.

சென்னைக்குப் போகும் நாள் ஐப்பசியில் விழுந்தது. ஊசி போடத் தொடங்கிப் பன்னிரண்டு நாளில் முட்டை எடுப்பார்கள், ஒரு நாள் முன்பின் ஆகலாம் என்றாள். வீரய்யா சுவரில் தொங்கிய கோயில் காலண்டரை எடுத்து வந்து மூக்கருகே வைத்துப் பார்த்தார்.

"சஷ்டி வருது பாப்பா."

"ம்."

"ஒருத்தருக்காக இன்னொருத்தர் வெரதம் இருக்கலாமா?"

அப்போது அவள் விசாவுக்கான ஆவணத்தை ஏற்றிக்கொண்டிருந்தாள். அறுபத்துநான்கு சதவீதத்தில் நின்றுவிட்டது. அந்த எண் அவளுக்கு இன்றைக்கும் நினைவிருக்கிறது. திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்.

"இருக்கலாம்பா. யாரு வேணாலும் இருக்கலாம். நல்லதுதானே."

யாருக்காக, யார் என்று கேட்கவில்லை.

அவர்கள் புறப்பட்ட அன்று வீரய்யா ஹட்டன் பஸ் ஸ்டாண்ட் வரை வந்தார். அவருடைய அண்ணன் குடும்பம் எழுபத்திரண்டில் குடியுரிமை ஒப்பந்தப்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்டுப் போனது. தொடர்பு இரண்டு கடிதத்தோடு முடிந்தது. அதனால் அவருக்கு இந்தியா என்பது ஆட்கள் போகிற திசை, வருகிற திசை அல்ல. "மூணு வாரத்துல வந்துருவீங்கல்ல?" என்று மாப்பிள்ளையிடம் இரண்டு முறை கேட்டார். மகளிடம் கேட்கவில்லை. அவள் கையில் ஒரு பொட்டலம் திருநீறு கொடுத்தார். "அந்தப் பெட்டிக்குப் பக்கத்துல வைக்க விடுவாங்களா?"

"விடமாட்டாங்கப்பா."

"சரி, நீயே வச்சுக்க."

சென்னையில் எல்லாம் அட்டவணைப்படி நடந்தது. ஊசிகள், ஸ்கேன்கள். முட்டை எடுக்கும் நாள் சரியாகச் சஷ்டியின் முதல் நாளில் வந்து நின்றது. அதைப் போனில் சொன்னாள். "முருகா," என்றது அப்பாவின் குரல். ஐந்து நாள் வளர்த்து, ஆறாம் நாள் கருவை உள்ளே வைப்பார்கள். அங்கே ஆறு நாள், இங்கே ஆறு நாள்.

அடுத்து லயத்தில் நடந்தது எதுவும் அப்போது ஹம்சினிக்குத் தெரியாது. சிவசாமியும் தனுஷிகாவும் பிறகு சொன்னவை.

முதல் நாள் வெள்ளனவே வீரய்யா கோயிலுக்குப் போய்க் கையில் காப்புக் கட்டிக்கொண்டார். கட்டிக்கொண்டவர்களில் அவர் ஒருவர்தான் ஆண். சிவசாமி கோயிலுக்குள் வருகிற ஆள் இல்லை. வாசலில் நின்று குரல் கொடுத்தார்.

"என்னடா வீரய்யா, பொம்பளைங்க கூட்டத்துல? அறுவத்தெட்டு வயசுல புள்ள பெக்கப் போறியா?"

பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். வீரய்யா திரும்பவில்லை.

"நான் பெக்கல. அடுப்பு பாத்துக்கிறேன்."

"எந்த அடுப்ப? நம்ம ஸ்டோர மூடி மூணு வருசமாச்சு."

"மெட்ராஸ்ல ஒண்ணு எரியுது. நீ போய் வெறகு தள்ளு."

சோறு இல்லை, பழம் இல்லை. சாயத்தண்ணி மட்டும், சீனி இல்லாமல். தனுஷிகா இரண்டாம் நாள் கஞ்சி கொண்டுபோனாள். வாங்கவில்லை. "அக்காகிட்ட சொல்லிருவேன்," என்று மிரட்டினாள். அவர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். "சொல்லிராதம்மா. அது அங்க படுத்துக் கெடக்கு. பயந்துச்சுன்னா கரு நிக்காது." வயதில் பெரியவர் கும்பிட்டால் என்ன செய்வது? தனுஷிகா வாயை மூடிக்கொண்டாள்.

குளிசையை மட்டும் அவர் விடவில்லை. மகளுக்குக் கொடுத்த வாக்கு.

எண்கள் இறங்கின. முதல் நாள் நூற்றுப் பதினெட்டு. இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக நூற்றிருபதுக்குக் கீழே. மயக்க மருந்து தெளிந்து படுத்திருந்த ஹம்சினி கட்டைவிரல் போட்டாள். இரண்டாம் நாள் தொண்ணூற்றேழு. கட்டைவிரல். மூன்றாம் நாள் எழுபத்தொன்பது. கட்டைவிரல்.

நான்காம் நாள் காலையில் அவள் போனுக்கு இரண்டு படங்கள் வந்தன. ஒன்று ஆய்வகத்திலிருந்து. ஆறு கருக்கள் நன்றாக இருக்கின்றன, மூன்றில் எட்டு செல்கள் என்று எழுதியிருந்தது. சாம்பல் நிறத்தில், வட்டத்துக்குள் வட்டங்கள். அதை விரலால் விரித்து விரித்துப் பார்த்தாள். கோகுலராஜை எழுப்பிக் காட்டினாள். எட்டையும் எண்ணினாள். இன்னொன்று அப்பாவிடமிருந்து. அதைத் திறக்கவில்லை. சின்னதாகத் தெரிந்த படத்தின் மேலேயே கட்டைவிரல் போட்டாள்.

அறுபத்தொன்று.

ஐந்தாம் நாள் காலை ஆறு நாற்பதுக்கு அப்பா வீடியோவில் வந்தார். படம் நடுங்கியது. முகம் ஈரமாக மின்னியது. மழை என்று நினைத்தாள். பேச்சு இழுத்து இழுத்து வந்தது. ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவே பெரிய இடைவெளி.

"பாப்... பாப்பா... நாளைக்குத்தான...?"

"நாளைக்குத்தாம்பா. அப்பா, லைன் சரியில்ல. காத்துக்கு அந்த மேல் மலை டவர் லிங்க் ஆடுது போல. பீலிப் பக்கம் போங்க, அங்க நல்லா எடுக்கும்."

லயத்துக்குக் கீழே தண்ணீர்ப் பீலி. போக இருபது படி. அந்த இடத்தில் சிக்னல் இரண்டு கோடு கூட என்று இரண்டு வருஷத்துக்கு முன் அவளே அளந்து சொன்னது. வீரய்யா தலையாட்டினார். படத்தில் வாசல், பிறகு ஈரப்படி, பிறகு வானம். அழைப்பு அறுந்தது.

மறுபடி எடுப்பார் என்று காத்திருந்தாள். இருபது நிமிஷம் கழித்துத் தனுஷிகாதான் கூப்பிட்டாள். அழுகைதான் கேட்டது.

தோட்டத்து லொறியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். வழியிலேயே முடிந்துவிட்டிருந்தது. அங்கே டொக்டர் கையிலிருந்த காப்பைப் பார்த்தார், குளிசை என்னவென்று கேட்டார், விரலில் குத்திப் பார்த்தார். சாப்பிடாமல் இந்தக் குளிசையைப் போட்டால் சீனி ஒரேயடியாக இறங்கிவிடும் என்றார். வேர்க்கும், கை நடுங்கும், நாக்குக் குழறும். அந்த நேரத்தில் ஒரு கரண்டி சீனி போதும்.

ஒரு கரண்டி சீனி. உள்ளங்கையில் கொட்டிக்கொள்கிற அளவு.

சென்னையில் கோகுலராஜ் மருத்துவரிடம் பேசினான். கருக்களை நாளை வரை வளர்த்து உறையவைத்து விடலாம், நீங்கள் போங்கள் என்றார்கள். கருவை உள்ளே வைத்துக்கொண்ட பிறகு போகலாமா என்று ஒரு கணம், ஒரே ஒரு கணம், ஹம்சினி நினைத்தாள். நாளைக் காலை பத்து மணி. அதை முடித்துவிட்டு மத்தியான விமானம். அப்படி நினைத்ததை அவள் கணவனிடம்கூடச் சொல்லவில்லை. அன்று மாலையே ஏறினார்கள்.

ஆறாம் நாள் காலை வேன் தோட்டத்துக்குள் வந்தபோது வேலை நிறுத்தியிருந்தார்கள். கொழுந்துக் கூடைகள் எல்லாம் கவிழ்ந்து கிடந்தன. சிவசாமியும் நாலு பேரும் மலைச்சரிவில் குழி வெட்டிக்கொண்டிருந்தார்கள். உறவுக்காரப் பெண்கள் ஹம்சினியைப் பிடித்துக் கொண்டுபோய் அப்பாவின் தலைமாட்டில் நிறுத்தினார்கள். வாய்க்கரிசி போடச் சொன்னார்கள். ஐந்து நாள் சாப்பிடாத வாய். அவள் கையில் அரிசியோடு நின்றாள். யாரோ பின்னாலிருந்து, "போடும்மா, நேரமாகுது," என்றார்கள். போட்டாள்.

உடலை எடுத்துக்கொண்டு போகும்போது போன் அதிர்ந்தது. சென்னை ஆய்வகம். மூன்று கருக்கள் ஐந்தாம் நாள் வரை வளர்ந்தன. மூன்றையும் உறையவைத்துவிட்டோம்.

அடுத்த நாள்கள் அவள் அழவில்லை. சோதித்தாள். அது அவள் தொழில். பழுது வந்தால் பதிவுகளை எடுத்துப் பார்ப்பது. குளிசைப் பெட்டியைத் திறந்தாள். ஐந்து அறையும் காலி. மெஷினில் நினைவகம் இருந்தது. பின்னோக்கித் தள்ளிப் பார்த்தாள். நூற்றுப் பதினெட்டு, தொண்ணூற்றேழு, எழுபத்தொன்பது, அறுபத்தொன்று. ஐந்தாம் நாள், காலை ஆறு முப்பத்தாறு: நாற்பத்தாறு. அதைப் படம் பிடித்து அனுப்பவில்லை. நேரில் காட்டத்தான் வீடியோவில் வந்திருக்கிறார்.

கடைசியாக அலுவலகத்துக்குப் போய் அந்தக் காலைக்கான லிங்க் பதிவை எடுத்தாள். ஆறு நாற்பது. காற்று இல்லை. இழப்பு இல்லை. சிக்னல் சுத்தம்.

நடுங்கியது படம் அல்ல, கை.

பதினாறாம் நாள் கருமாதி முடிந்தது. உறவுக்காரர்கள் பஸ்ஸுக்குப் புறப்படும்போது ஒரு அத்தை ஹம்சினியை ஓரமாக இழுத்தாள். "ஒரு வருசத்துக்கு நல்ல காரியம் எதுவும் கூடாது கண்ணு. அந்த ஆஸ்பத்திரிச் சமாச்சாரமும் வேணாம்." ஹம்சினிக்கு அது நிம்மதியாகவே இருந்தது. ஒரு வருஷம் அல்ல, எப்போதும் வேண்டாம் என்றுதான் அவள் முடிவு செய்திருந்தாள். அப்பாவைக் கொடுத்து வாங்கிய பிள்ளையை எந்தக் கையால் தூக்குவது? இதைக் கோகுலராஜிடம் சொன்னாள். அவன் எழுந்து வெளியே போய் நின்றான்.

எல்லாரும் போன பிறகு பீலிப் படியில் போய் உட்கார்ந்தாள். சிவசாமி கை கால் கழுவ வந்தார். மண்வெட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு இரண்டு படி தள்ளி உட்கார்ந்தார்.

"நாலு நாளும் நாந்தான் மாமா ஓகே போட்டேன்," என்றாள். "நம்பர் எறங்க எறங்க. நாலாவது படத்த தொறந்துகூடப் பாக்கல. அஞ்சாவது நாளு நாந்தான் இந்தப் படியில எறங்கச் சொன்னேன்."

இதை அவள் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. சிவசாமி தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து மறுபடி கட்டினார்.

"போட்டா போட்டதுதான். இல்லேன்னு சொல்ல நான் யாரு?"

அவள் படியிலிருந்த பாசியை நகத்தால் சுரண்டினாள்.

"அவன் ஒங்கிட்ட மறைச்சான். அதுவும் நெசம். தனு வாயத் தொறக்கல. நான் நெதம் பாத்தேன், பாத்துச் சிரிச்சேன். மூணாவது நாளு அவன் நடக்கயில காலு பின்னுச்சு. 'என்னடா தண்ணியடிச்சியா'ன்னு கேட்டேன். அவன்! வாழ்க்கையில தவறணைப் பக்கம் போகாதவன்." மூக்கைச் சிந்தினார். "ஆளுக்கொரு பங்கு எடுத்துக்குவோம் பாப்பா. மொத்தத்தையும் நீயே தூக்காத. எங்களுக்கும் வேணும்."



"அஞ்சு நாளுதான் வெரதம் இருந்தாரு," என்றாள் ஹம்சினி. "அதுவும் முடியல."

"முடிஞ்சிருச்சு."

அவள் திரும்பிப் பார்த்தாள்.

"ஆறாவது நாள நான் இருந்தேன்." சிவசாமி வேறெங்கோ பார்த்துக்கொண்டு சொன்னார். "அன்னைக்குக் குழி வெட்டுறோம். வெட்டுறவங்களுக்குச் சோறும் சாராயமும் வந்துச்சு. மத்தவனெல்லாம் எடுத்தான். எனக்கு எறங்கல. சரி, எப்படியும் திங்கப் போறதில்ல, இத அவன் பேருல போட்டுருவோம்னு சொல்லி முருகன்கிட்ட ஒப்படைச்சுட்டேன். தண்ணிகூடக் குடிக்கல. ஆறும் ஆறுதான். ஆள் மாறுனா என்னா? ஸ்டோர்ல அவன் ஷிப்ட நான் எத்தன தடவ பாத்துக் குடுத்திருக்கேன்."

"நீங்க சாமி கும்புடமாட்டீங்களே மாமா."

"கும்புடல. வெறகு தள்ளுனேன்."

ஹம்சினி முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டாள். பதினாறு நாளில் முதல் தடவையாக அழுதாள். சிவசாமி எழுந்து போகவும் இல்லை, ஆறுதல் சொல்லவும் இல்லை. அழுது முடியும் வரை இருந்துவிட்டுக் கேட்டார்.

"அதுக இப்ப எங்க இருக்குதுக? அந்தச் சூட்டுப் பெட்டியிலயா?"

"இல்ல மாமா. குளிர்ல. மைனஸ் நூத்தித் தொண்ணூத்தாறு."

"நுவரெலியாவ விடவா?"

சிரிப்பு வரக்கூடாத நேரத்தில் அவளுக்குச் சிரிப்பு வந்தது.

"அப்படிக் குளுருல போட்டுட்டு இங்க ஒக்காந்திருக்கியா? போ. போய் எடு. வருசம் கிருசம்னு பேசுவாங்க. அடுப்பப் பத்த வச்சிட்டு எவனாச்சும் காலண்டரு பாப்பானா?"

அவள் உடனே ஒன்றும் செய்யவில்லை. மார்கழி போயிற்று. தை போயிற்று. மாசியில் ஒருநாள் மதியம், டவர் அடியில் பேட்டரி மாற்றிக்கொண்டிருந்தவள் கையுறையைக் கழற்றிவிட்டுக் கோகுலராஜுக்குப் போன் செய்தாள். "டிக்கெட் பாருங்க," என்றாள். அவன் எந்த ஊருக்கு என்று கேட்கவில்லை.

குற்றம் குறைந்துவிடவில்லை. அது அவளோடுதான் விமானம் ஏறியது. சென்னையில் அதே மருத்துவமனை, அதே நாற்காலி. கருவை வைக்கும் நாளுக்கு முந்தைய மாலை ஆய்வகத்திலிருந்து செய்தி வந்தது. ஒரு கருவை உறைநிலையிலிருந்து எடுத்துவிட்டோம், உயிரோடு இருக்கிறது, காலை வரை பெட்டியில் இருக்கும்.

ஹம்சினி எழுதினாள்: ராத்திரி சூடு பார்க்க ஆள் இருக்கா?

முன்பு பதில் எழுதிய அந்த ஆய்வகத்து ஆள் இந்தக் கேள்வியை மறந்திருக்கவில்லை. இன்றைக்கு நான்தான் இருக்கிறேன் மேடம் என்று எழுதினார். கூடவே ஒரு படம். பெட்டிக்குள் வைத்த தனி வெப்பமானி.

அவள் படத்தைத் திறந்தாள். விரித்தாள். எண்ணைப் படித்தாள். மூலையில் நேரம் இருந்தது, அதையும் படித்தாள். மறுபடி எண்ணைப் படித்தாள். பழக்கத்தில் விரல் அந்தக் கட்டைவிரல் படத்துக்குப் போனது. எடுத்துக்கொண்டாள். எழுத்துகளை ஒவ்வொன்றாகத் தட்டினாள்.

பார்த்தேன். முப்பத்தேழு.